ஓட்டை மண்டோரிடம் கார்டு கேட்ட கதை

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ஓட்டை மண்டோரிடம் திட்டு வாங்காத தமிழன் ஒருவன் இருந்தால், அவன் வீட்டுக்குக் கரண்டே வரவில்லை என்று அர்த்தம். சுவா ஊரில், தோட்டத்துப் பாதை முனையில் மடிக்கணினி பழுது பார்க்கும் கடை அவருடையது. பழுது பார்ப்பது உபதொழில். முதல் தொழில் வாடிக்கையாளரை விரட்டுவது.

அவர் ஒரு நாள்கூட மண்டோராக இருந்ததில்லை. ஆனால் ரப்பர் மரத்தடியில் ஆட்களை வேலை வாங்கும் நிஜ மண்டோர்கூட அவ்வளவு சத்தம் போட்டதில்லை. ‘ஓட்டை’ எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், மடிக்கணினி வாங்கப் போகிறேன் என்று யார் வாயைத் திறந்தாலும், “மொதல்ல ஓட்டையப் பாருய்யா!” என்று கத்துவார். டிவிக்குப் போகும் வயரைச் சொருகும் ஓட்டை. விலை, நிறம், கம்பெனி எல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

ஒரு தடவை புக்கிட் பெலண்டோக்கிலிருந்து ஓர் அம்மா வந்து, “கல்யாணத்துக்கு நல்ல கார்டா பாக்கணும்” என்றார். பத்திரிகை அடிக்க வந்தவர், பக்கத்து அச்சுக் கடை என்று நினைத்து நுழைந்துவிட்டார். இவர், மடிக்கணினிக்குள் படம் காட்டுவதற்கென்றே தனியாக வைக்கும் கிராபிக்ஸ் கார்டு என்று எடுத்துக்கொண்டார்.

“கல்யாண வீடியோ பாக்கவா? அதுக்குக் கார்டே வேணாம்லா!”

“கார்டு இல்லாம சொந்தக்காரங்கள எப்படிய்யா கூப்பிடறது?”

“கார்டு சூடாயிரும்மா, சொன்னா கேளுங்க!”

அரை மணி நேரம் நடந்தது இந்தக் கூத்து. அந்த அம்மா அழாத குறையாக வெளியே ஓடினார்.

இந்த மனிதரிடம்தான் நான் போய் நின்றேன். எல்லாம் என் நேரம். என் அண்ணன் மகளுக்கு மெல்பர்னில் கல்யாணம். அண்ணன் லாரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் கண் பாதிக்கு மேல் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விமானம் ஏற முடியாது. அண்ணி மட்டும் போயிருந்தார். இணையத்தில் நேரலையாக வரும் கல்யாணத்தைக் கைப்பேசியில் காட்டினால் அண்ணனுக்கு வெறும் மினுமினுப்புதான் தெரியும். அவர் வீட்டு டிவி பெரியது, ஆனால் இணையம் தெரியாத பழைய ரகம். அதில் படம் துல்லியமாக வந்தால், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து முகம் பார்த்துவிடுவார்.

“தாலி கட்டறப்ப எம்பொண்ணு மூஞ்சிய மட்டும் பாத்துட்டா போதும்டா” என்றார்.

நான் மண்டோரிடம், “டிவியில போட்டுப் பாக்கணும், பெரிய கார்டு உள்ள லேப்டாப்பா குடுங்கண்ணே” என்றேன். அவ்வளவுதான்.

“ஏன்யா, கேம் விளையாடப் போறியா? வீடியோவுக்கு ப்ராசசர்லயே இருக்கற கிராபிக்ஸ் தாராளமா போதும்! டிவிக்குப் போற ஓட்டை எதோட சேந்திருக்குன்னு பாத்தியா? பெரிய கார்டோட சேந்திருந்து, அது படுத்துச்சுன்னா டிவியும் படுத்துரும். போய்யா, ஒனக்கு நான் விக்க மாட்டேன்!”

கடையில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. என் பணம், என் அண்ணன், இவர் யார் எனக்குப் பாடம் எடுக்க? நேரே சிரம்பான் டவுனுக்குப் போய், யாரோ வருஷக்கணக்கில் விளையாடித் தீர்த்த, பெரிய கார்டு போட்ட மடிக்கணினியை வாங்கினேன். விசைகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு வேறு எரிந்தது.

கல்யாணக் காலை. அண்ணன் குளித்து, வேட்டி கட்டி, கையில் அட்சதையோடு டிவி முன் உட்கார்ந்துவிட்டார். ஐயர் மந்திரத்தை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் டிவி கறுத்துப் போனது. மடிக்கணினியின் சின்னத் திரையில் படம் ஜோராக ஓடுகிறது, டிவியில் ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டேன், வயரைப் பிடுங்கிச் சொருகினேன். ஊஹூம். அடியில் கை வைத்தால் தோசைக்கல்லாகக் கொதித்தது. கார்டு படுத்துவிட்டது.

“என்னடா, கட்டிட்டாங்களா?” என்று அண்ணன் இருட்டுத் திரையைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு என்மேலேயே வந்த ஆத்திரத்தில் அந்தச் சனியனை வாசலில் வீசியிருப்பேன். மானத்தை விட்டு மண்டோருக்குப் போன் போட்டேன்.

“அறிவு கெட்டவனே! வீடு எங்கய்யா?”

பத்து நிமிடத்தில் மோட்டார் சத்தம். செருப்பைக் கழற்றும்போதே திட்டு ஆரம்பித்துவிட்டது: எனக்கு, விற்றவனுக்கு, சிவப்பு விளக்கைக் கண்டுபிடித்தவனுக்கு. கையில் அவர் கடையில் வேலைக்கு வைத்திருக்கும் சொந்த மடிக்கணினி. கார்டு கிடையாது, மூடி உடைந்து டேப் ஒட்டியிருந்தது. சொருகினார். டிவியில் படம் வந்தது. ஊருக்கெல்லாம் ஓட்டையைப் பார்க்கச் சொன்னவரின் ஓட்டை லொடலொட என்று ஆடியது! வயரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தினார்.

“அண்ணே, தெரியுதா?” என்று என் அண்ணனிடம் கேட்டார். அவருக்கு அப்படி ஒரு மெதுவான குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

அண்ணன் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்தார். “மூக்குத்தி போட்டிருக்காடா. மூக்குத்தி தெரியுதுடா!”

தாலி ஏறியது. அண்ணன் அட்சதையை டிவி மேல் தூவினார். பாதி மண்டோர் தலையில் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை, வயரிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்.

முடிந்ததும் சாப்பிடக் கூப்பிட்டேன். “சோறு திங்கவா வந்தேன்?” என்று அதற்கும் ஏசினார். மடிக்கணினியை எடுத்துக் கொடுத்தால் வாங்கவில்லை.

“வையிய்யா அங்க. சாயங்காலம் விருந்து இருக்குல்ல? அவரு அதையும் பாக்கட்டும்.”

மண்டோர்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அவரை வேறு எவனாவது ஒரு வார்த்தை சொல்லட்டும், பார்க்கிறேன்.