பாசி சாரின் வெயில்

டில்லி வெயிலுக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருந்தார். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பாசி சார் என்று பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

நான் அங்கே கண்ணாடிக் குடுவை கழுவுகிறவன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் பாசி சாரின் ஆராய்ச்சி எனக்குப் புரியும், தினமும் சொல்வார். செடியும் பாசியும் வெயிலை வைத்துத் தங்களுக்குச் சாப்பாடு செய்துகொள்கின்றன. அந்தச் சக்தியில் கொஞ்சத்தை வழிமாற்றி, பாசிக்குள் வைத்த ஒரு மூலிகையின் என்சைமை ஓட்ட வேண்டும். அது மருந்துச் சரக்கைச் செய்துகொடுக்கும்.

“கரும்பு ஜூஸ் மெஷின் பாத்திருக்கீரா வே? மோட்டார் இல்லன்னா வெறும் இரும்புதான். நம்ம மோட்டார் வெயிலு” என்பார், அவருடைய திருநெல்வேலித் தமிழில்.

டியூப்லைட் வெளிச்சம் அவருக்கு ஹாஸ்டல் சாப்பாடு. வெயில்தான் வீட்டுச் சாப்பாடு. பாசி வளரும் குடுவைகள் ஜன்னல் இல்லாத உள்ளறையில் டியூப்லைட்டுக்குக் கீழே இருக்கும். ஒன்றை மட்டும் என் கழுவும் அறை ஜன்னலில் வெயில் படும்படி வைப்பார். குளிர்காலத்தில் அந்த ஜன்னலுக்கு வெளியே ஆபீஸ்காரர்கள் வெயில் காய்ந்தபடி கடலை கொறிப்பார்கள். இவர் போய், “பையா, நிழல் விழுது” என்று இந்தியில் சொல்லி ஒவ்வொருவராக நகர்த்துவார். ஒருநாள் இயக்குநரையே தோளைப் பிடித்து நகர்த்தினார்.

ஒரு நவம்பரில் பத்து நாள் புகைமூட்டம் கலையவில்லை. மராமத்துப் பிரிவின் புகார்ப் புத்தகத்தில் ‘சூரியன் மங்கல்’ என்று எழுதிவிட்டு வந்தார். மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து ஒரு டியூப்லைட்டை மாற்றிவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனார்.

இதெல்லாம் சிரிப்போடு போயிற்று. ஒன்று மட்டும் போகவில்லை. திட்டத்தைத் தொடரலாமா என்று பார்க்க வருகிற கமிட்டி, சில குடுவைகளை இருட்டில் வைத்துக் காட்டச் சொல்லியிருந்தது. இருட்டில் சரக்கு வராமல் இருந்தால்தான் என்சைமை ஓட்டுவது வெளிச்சம் என்று ஒப்புக்கொள்வார்களாம். அடுத்த முறையும் காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். பாசி சாருக்கு மனசு வரவில்லை. “புள்ளைய இருட்டறையில போட்டுப் பூட்டச் சொல்லுதானுவ வே” என்று வருஷத்தை ஓட்டிவிட்டார்.

அந்தத் தீபாவளிக்கு, நாலு வருஷத்தில் முதல் முறையாக, ஊருக்குப் போனார். கிளம்பும் அன்று புதிதாகக் குடுவைகளை நிரப்பி, வழக்கம்போல் ஒன்றை ஜன்னலில் வைத்தார். ஐந்து நாள் விடுமுறை. விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிச் சர்க்குலர். எப்போதும் உள்ளறையைப் பூட்டுகிறவர் அவர். அன்று நான் பூட்டினேன். பூட்டும்போது சர்க்குலர் ஞாபகத்தில் சுவிட்சையும் அணைத்தேன். ‘அணைக்காதே’ என்று அவர் ஒட்டியிருந்த காகிதம், அந்த டியூப்லைட் வெளிச்சத்திலேயே எழுத்து வெளுத்து வெற்றுக் காகிதமாகியிருந்தது.

விடுமுறை முடிந்த அன்று மூன்று மணிக்குக் கமிட்டி. ரயில் நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக வந்தார். உள்ளறைக் குடுவைகள் வெளிறிக் கிடந்தன. மெஷினில் சோதித்துப் பார்த்தார். மருந்துச் சரக்கு துளிகூட இல்லை.

வேலை போனால் போகட்டும் என்று போய் நின்றேன். “சார், நான்தான் லைட்டை அணைச்சேன்.”

“அஞ்சு நாளுமா?”

“ஆமா சார்.”

குடுவைகளைப் பார்த்துக்கொண்டே, “பயந்து போயிருக்கும்லா வே” என்றார்.

அதற்குப் பிறகுதான் ஜன்னல் குடுவை ஞாபகம் வந்தது. அதையும் சோதித்தார். அதில் சரக்கு இருந்தது. மெஷின் அச்சடித்துத் தந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “கையத் தொடச்சிட்டு வாரும்.”

கமிட்டி முன்னால் என்னை நிறுத்தி, இருட்டுச் சோதனையைச் செய்தவர் இவர் என்றார். தெரியாமல் செய்துவிட்டார், ஆகவே பாரபட்சத்துக்கு வழியே இல்லை என்றும் சொன்னார். எத்தனை நாள் இருட்டு என்று ஒருவர் என்னைக் கேட்டார். நான் ஐந்து விரலைக் காட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சொற்பொழிவு அதுதான். “அச்சா” என்று அவர் எழுதிக்கொண்டார். திட்டம் பிழைத்தது.

பாசி சார் போன வருஷம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். இப்போது ஒவ்வொரு முறையும் சில குடுவைகளை இருட்டில் வைக்கிறார்கள். கறுப்புத் துணி சுற்றுவது என் வேலை. அறையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சுற்றுவதற்கு முன் அவற்றிடம் சொல்கிறேன்: “பயப்படாதீங்க, அஞ்சு நாள்தான்.”