வரிசையில் நின்ற கல்

ஒரு காட்டில் பொன்னுரங்கம் என்றொரு கீரி இருந்தது. நல்ல கீரிதான், ஆனால் சரியான அவசரக்குடுக்கை. அதன் பெண்டாட்டி செங்கமலத்துக்கு நிறைமாதம். வானமோ இன்றைக்கா நாளைக்கா என்று கறுத்துக் கிடந்தது. வெள்ளம் ஏறாத மேட்டில் ஒரு வளை கிடைத்தால்தான் குட்டிகள் பிழைக்கும். அந்தக் காட்டில் வளையைச் சிங்கராஜாதான் ஒதுக்க வேண்டும்; தானாகத் தோண்டினால் குற்றம். அதனால் குகைக்கு மேலே சரிவில் எப்போதும் ஒரு நீள வரிசை நின்றது.

வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. கால் கடுத்தால் தன் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். கல் இருந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். இதை அந்தக் காட்டில் யாரும், சத்தியமாக யாருமே, மீறியதில்லை.

பொன்னுரங்கத்துக்கு முன்னால் போன வருஷத்திலிருந்து ஒரு கல் நின்றது. வைத்தது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்குக் குமாஸ்தா நரி வந்து, மிச்சமிருந்த ஒரே வளையை அந்தக் கல்லுக்கு ஒதுக்கிவிட்டது.

"யோவ், அது கல்லுய்யா!" என்று கத்தியது பொன்னுரங்கம்.

"உனக்கு முன்னாடி நின்னுச்சா, இல்லையா?" என்றது நரி.

காட்டோரம் மனிதர்கள் வீசிவிட்டுப் போன பழைய லிஃப்ட் ஒன்று கிடந்தது. கீழே போகும் பொத்தானை அமுக்கினால் போன வருஷம், மேலே போகும் பொத்தானை அமுக்கினால் இந்த வருஷம். பொன்னுரங்கம் ஒரே ஓட்டமாக அதற்குள் போய் ஏறியது.

உள்ளே தொங்கிய வாட்ச்மேன் வௌவால், "போனோமா வந்தோமான்னு இருக்கணும். அங்க ஒரு துரும்பைக்கூடத் தொடக் கூடாது" என்று எச்சரித்தது.

"துரும்பை யாருங்க தொடப் போறா? எனக்குக் கல்லோடதான் வேலை."

போன வருஷம் போய் இறங்கி, அந்தக் கல்லை ஓங்கி ஒரு உதை விட்டது. கல் சரிவில் உருண்டோடியது. எங்கே போய் நின்றது என்று திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, மகராசன்! அப்படியே இந்த வருஷத்துக்கு வந்துவிட்டது.

வந்து பார்த்தால் வரிசையில் பொன்னுரங்கம்தான் முதல் ஆள். பக்கத்தில் செங்கமலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆனால் குகைக்குள் ராஜா ஆசனத்தில் மாலை போட்டு, சந்தனம் பூசி, அதே கல்!

"இது எப்ப நடந்துச்சு?" என்று திகைத்தது பொன்னுரங்கம்.

"எந்த உலகத்துல இருக்கே?" என்று சலித்துக்கொண்டது நரி. "போன வருஷம் சிங்கம் தண்ணி குடிக்கப் போயிருந்தப்ப இவர் வந்து உட்கார்ந்தார். கல் இருந்தா ஆள் இருக்கிற மாதிரி இல்லையா? சிங்கம் வந்து பார்த்துட்டு, பேசாம வரிசைக் கடைசியில போய் நின்னுடுச்சு. வேட்டையாட அனுமதி கேட்டு மனு போட்டிருக்கு. பதில் வரலை. பாவம், கீரை தின்னுது."

"அப்ப என் வளை?"

"காலியாத்தான் இருக்கு. ராஜா சரின்னா எடுத்துக்கோ. ஒரு வருஷமா யாருக்கும் சரின்னு சொன்னதில்லை."

இடி இடித்தது. செங்கமலத்துக்கு வலி கண்டுவிட்டது. அது பல்லைக் கடித்துக்கொண்டு கல்லின் முன் போய் நின்றது.

"ராஜா, அந்த வளையை நான் எடுத்துக்கக் கூடாதா? கூடாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

கல் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏங்க, கூடாதுன்னு சொல்லலையே? வாங்க போகலாம்." நரி வாயைப் பிளந்து நிற்க, இரண்டும் வளைக்குள் புகுந்தன. வரிசை மொத்தமும் கைதட்டியது. இத்தனை நாள் இப்படிக் கேட்கத் தோன்றவில்லையே என்று முயல்கள் தலையில் அடித்துக்கொண்டன.

கடைசியில் நின்ற சிங்கமும் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தது. மெல்ல நடந்து வந்து பணிவாகக் கும்பிட்டது.

"ராஜா, நான் இந்த வரிசையைச் சாப்பிடக் கூடாதா? கூடாதுன்னா சொல்லிடுங்க."

மேட்டில், ஈரமில்லாத வளைக்குள் செங்கமலம் மூன்று குட்டிகளைப் போட்டிருந்தது. பொன்னுரங்கம் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துப் பூரித்துப்போனது.

"வெளியில என்னங்க அவ்வளவு சத்தம்?" என்று செங்கமலம் கேட்டது.

பொன்னுரங்கம் வாசல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஒண்ணுமில்லை, நீ தூங்கு. வரிசை நகருது."

நீதி: ஆள்வது சிங்கமா கல்லா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், வரிசையில் முதல் ஆளாக நில்லுங்கள்.