க்ளைவின் பன்னிரண்டு கேள்விகள்

"பன்னிரண்டு மணிக்குள்ள ஒரே ஒரு செய்தி கொண்டு வா. வேற யாருக்கும் கிடைக்காததா இருக்கணும். இல்லேன்னா உன் நேரம் இன்னிலேருந்து நெவிலுக்கு," என்றாள் வானொலி நிலைய முதலாளி நோலீன்.

நெவில் தோட்டக்கலை நிகழ்ச்சிக்காரர். க்ளைவுக்கு ரத்தம் கொதித்தது. தக்காளியிடம் தோற்பதா?

தார்கல்லா ஊரின் ஒரே நிருபர் போன மாதம் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். மிஞ்சியது க்ளைவ்தான். பதினோரு வருடமாக மேயர் பிரெண்டாவையும் அவள் கட்சியையும் ஒலிபரப்பில் திட்டுவதே அவன் வேலை. யாரையும் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

"நீச்சல் குள ஒப்பந்தம் அவ தங்கச்சி புருஷனுக்குத்தான் போயிருக்கு. இன்னிக்கு நிரூபிச்சே தீருவேன்!" என்று கிளம்பினான்.

நகராட்சி முகப்பில் ஷெர்ரி ஒரு தாளை நீட்டினாள். "நீங்கதான் முதல் ஆளு, க்ளைவ். இதைக் கொஞ்சம்..."

"இரும்மா! நாற்பது டிகிரி வெயில்ல பிள்ளைங்க குளிக்கக் குளம் இல்லை. யார் குத்தம்?"

"அதான் மேயர் இன்னிக்கு..."

"மேயரைப் பத்தி எனக்கே பாடமா?"

வாசலுக்கு வந்து, கைப்பேசியில் பதிந்திருந்த பேட்டியைப் போட்டுக் கேட்டான். ஏழு நிமிடமும் அவன் குரல். இடையிடையே ஷெர்ரியின் பெருமூச்சு.

விடுவானா? திரும்பவும் உள்ளே போனான். "கேள்விகளை எழுதி வச்சுக்கிட்டாத்தான் அளவாப் பேசுவேன். தாள் இருக்கா?"

"அப்போலேருந்து அதைத்தானே நீட்டிக்கிட்டிருக்கேன்!"

வெடுக்கென்று வாங்கி, மேசையில் கவிழ்த்துப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் பன்னிரண்டு கேள்விகள் எழுதினான்.

குளத்துக் காவலாளி ராஸிடம் முதல் கேள்வியைப் படித்து முடிக்கவே நான்கு நிமிடம் ஆனது.

ராஸ் பூட்டிய கதவில் சாய்ந்து தலையைச் சொறிந்தான். "இதுல கேள்வி எங்கே இருக்கு, மேட்?"

இரண்டாவது கேள்வியின் நடுவில் அவன் சாப்பிடப் போய்விட்டான்.

மணி பதினொன்று ஐம்பது. க்ளைவ் ஒலிபரப்பு அறைக்குள் பாய்ந்தான். எதிர் நாற்காலியில் நாற்றுத் தட்டோடு நெவில் காத்திருந்தார். க்ளைவ் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மிச்சக் கேள்விகளை ஊருக்கே முழங்கத் தொடங்கினான்.

நெவில் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். மெல்லக் கையைத் தூக்கினார்.

"கையை இறக்கு, நெவில்! இன்னும் என் நேரம்தான். கேளுங்க நேயர்களே, மானம் இருந்தா அவ இன்னிக்கே பதவியை விட்டு இறங்கட்டும்!"

மணி பன்னிரண்டு. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நோலீன், நேரம் முடிந்தது என்று கையால் வெட்டுவதுபோல் சைகை காட்டினாள். நெவில் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வணக்கம். தக்காளிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு செய்தி. மேயர் பிரெண்டா இன்னிக்குக் காலைல ராஜினாமா பண்ணிட்டாங்க. குள ஒப்பந்தத்தைத் தங்கச்சி புருஷனுக்குக் கொடுத்தது தப்புன்னு அவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்புறம்... க்ளைவ், தாளை ஆட்டாமப் பிடிப்பா, கடைசி வரி படிக்க முடியல."