இலுப்பை மரத்தின்மேல் ஒரு தடையுத்தரவு

ஒரு காட்டில், முன்னொரு காலத்தில், டொக் டொக் டொக் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மழை விட்ட காலைகளில் அது மலைச்சரிவில் பட்டுத் திரும்பி வரும். அதைக் கேட்ட மான்களில் வயசான ஒன்றிரண்டு இன்னும் இருக்கின்றன.

சத்தம் செவந்தி என்கிற மரங்கொத்தியுடையது. ஆற்றோரத்து இலுப்பை மரத்தில் மேலே ஒரு பொந்து குடைந்து அவள் குடியிருந்தாள். கீழே இன்னொன்று குடைந்தாள். அதில் தேனீக்கள் குடியேறின. கரியப்பன் என்கிற கரடி அதில் கைவிட்டுத் தேன் எடுத்தான். இருவரும் கூட்டுச் சேர்ந்து தேன் கடை வைத்தார்கள். ஒப்பந்தம் எழுதிய கீரி வக்கீல், தகராறு வந்தால் முதலில் சமரசம், பிறகு நடுவர், அதற்கும் அடங்காவிட்டால் கோர்ட் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்.

"எங்களுக்குள்ள என்ன தகராறு வரப்போகுது?" என்றாள் செவந்தி.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

கடைக்குப் பலகை மாட்டிய அன்றைக்கே தகராறு வந்துவிட்டது. பலகையில் 'கரியப்பன் தேன்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"என் பேர் எங்கண்ணே?"

"பலகை சின்னது தாயி. ஆளும் நீ சின்னவதானே."

"பொந்து நான் குடைஞ்சது. இனிமே கையை விடாதீங்க."

"மரத்தை மோப்பம் பிடிச்சது நான். நீ கூட்டைக் காலி பண்ணு."

கூட்டில் அப்போது மூன்று முட்டைகள் இருந்தன. செவந்தி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சமரசம் பேச ஆமையைப் பிடித்தார்கள், பொறுமைசாலி என்று. இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மறுத்ததால், ஆமை மரத்துக்கும் கரடிக் குகைக்குமாக நடந்தார். ஒரு நடைக்கு நாலு நாள். செவந்தியின் வசவு போய்ச் சேர்வதற்குள் அவளுக்குக் கோபம் ஆறிவிடும். ராசியாகப் போய்விடலாம் என்று அவள் உட்கார்ந்திருக்கும்போது கரியப்பனின் பதில் வசவு வந்து சேரும். மறுபடி கொதிப்பாள். இப்படி ஆறு நடை நடப்பதற்குள் முட்டைகள் பொரிந்துவிட்டன.

அடுத்தது நடுவர் குழு. செவந்தி கிளியை நியமித்தாள், சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும். கரியப்பன் எருமையை நியமித்தான், எதற்கும் தலையாட்டும். இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக முள்ளம்பன்றியைத் தேர்ந்தெடுத்தன. அவர் கறாரானவர். மரத்தை அடியிலிருந்து நுனிவரை அளந்தார்.

"நடுவில் வெட்டுங்கள். மேல் பாதி மரங்கொத்திக்கு, கீழ்ப் பாதி கரடிக்கு."

"நியாயம், நியாயம்," என்றது கிளி. எருமை தலையாட்டியது.

"என் பிள்ளைங்க இன்னும் பறக்கலையே ஐயா," என்றாள் செவந்தி.

"மேல் பாதி உனக்குத்தானேம்மா."

இருவரும் கோர்ட்டுக்கு ஓடினார்கள். நீதிபதி யானை மனுக்களைப் பிரிக்காமலே, "வழக்கு முடியும்வரை இருப்பது அப்படியே இருக்கட்டும். மரத்தில் கோடாலி படக்கூடாது," என்றார். தடையுத்தரவை மரத்தில் ஒட்டினார்கள். மேலே செவந்தி குடியிருந்தாள், கீழே கரியப்பன் கைவிட்டான். தகராறுக்கு முன்னால் இருந்ததும் அதேதான்.

அந்தக் கோடையில் புலி ராஜாவின் பங்களாவுக்கு அகலமாகச் சாலை போட்டார்கள். ஆற்றோரத்து மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மேஸ்திரி காட்டுப்பன்றி இலுப்பையிடம் வந்து, ஒட்டியிருந்த தாளை இரண்டு தரம் படித்தார்.

"கோர்ட் விவகாரம். நமக்கெதுக்குப்பா," என்று சாலையை வளைத்துக்கொண்டு போய்விட்டார்.

சுற்றிலும் வெட்டவெளி. நடுவில் ஒரே மரம். கரியப்பன் வந்து அதன் அடியில் உட்கார்ந்தான்.

"பலகையில உன் பேரையும் எழுதிடறேன் தாயி."

"கெடுத்தீங்க போங்க. எழுதினா வழக்கே இல்லாமப் போயிடும்."

அதற்கப்புறம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் இருவரும் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்கள்.

"நாளைக்கு என்னன்னு திட்டப்போறே?"

"திருட்டு மூஞ்சின்னு."

"போன வாய்தாவுக்கும் அதுதானே?"

"சரி, சடை நாத்தம் பிடிச்சவனே."

"அது மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா."

"இருந்தாத்தாண்ணே நம்புவாங்க."

யானை ஓய்வு பெற்று முயல் வந்தார். வேகமாக வழக்கு முடிப்பவர் என்று பெயர் வாங்கியவர். அவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பேர் வாயிலும் ஒரே தேன் வாசனை அடிக்கிறதே. ராசியாகிவிட்டீர்களா? முடித்துவிடலாமா?"

ஒத்திகையில் இது இல்லை. செவந்தி விர்ரென்று பறந்துபோய்க் கரியப்பன் மூக்கில் கொத்தினாள். ரத்தம் சொட்டியது. முயல், 'ராசிக்கு வழியில்லை' என்று எழுதி, வழக்கை ஐந்து வருஷம் தள்ளிவைத்தார்.

"ரொம்ப வலிக்குதாண்ணே?" என்றாள், வெளியே வந்ததும்.

"வலிக்குது. ஆனா நல்ல வாதம்."

வழக்கின் பதினோராம் வருஷம், செவந்தி அந்த மரத்தின் மேல் பொந்திலேயே வயசாகிச் செத்துப்போனாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் வாரிசுகளாக வழக்கில் சேர்க்கப்பட்டார்கள்.

நீதி: குடியிருக்கும் வீடு நிலைக்க வேண்டுமானால், நம்பிக்கையான நண்பன் ஒருவனைப் பார்த்து அவன்மேல் வழக்குப் போடு.