நாகலெட்சுமியை ரயில் ஏற விடாதீர்கள்

உடப்புசல்லாவைப் பக்கம்,
கீழ்க்கணக்கு, ஐந்தாம் நம்பர் லயம்.
(தோட்டத்தின் பெயரை எழுதப் பயமாக இருக்கிறது.)
செவ்வாய்க்கிழமை இரவு.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய லோரன்ஸ் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் மரியநாயகி கைகூப்பி எழுதிக்கொள்வது. நான் நலம், உங்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதில் முதல் பாதி பொய். இந்த இரண்டு நாளில் ஏகப்பட்ட பொய் சேர்ந்துவிட்டது, கடிதத்திலும் ஒன்று வேண்டாம். இரண்டாவது பாதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாமியும் பிள்ளைகளும் சுகம்தானே?

மாமா, குப்பிலாம்பில் எண்ணெய் கொஞ்சம்தான் இருக்கிறது. வெளிச்சம் வெளியே தெரியாமல் கம்பளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் எழுதுகிறேன். அதனால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கொட்டகலை ஸ்டேஷனுக்கு நாகலெட்சுமி என்று ஒரு பெண் வருவாள். அவளை ரயில் ஏற விடாதீர்கள். நீங்கள் ஸ்டேஷனில் வேலை பார்ப்பது கடவுள் செயல் என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஏன் நிறுத்த வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன், எண்ணெய் தீர்ந்துவிட்டால் நீங்களாகவே புரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் இசைக்குழு நல்லபடியாகத்தான் கிளம்பியது. அப்பா சம்மதிக்க மாட்டார் என்று பள்ளிக்கூடக் கடிதத்தில் நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள், அப்பா இந்த நிமிஷமும் நான் உங்கள் வீட்டில் மாமியிடம் தையல் படித்துக்கொண்டிருப்பதாக நினைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ஒன்பது பெண்கள், ஒரு ஆர்மோனியம், மிருதங்கத்துக்கு அழகுமுத்து வாத்தியார், எல்லோருக்கும் மேலே செபமாலை டீச்சர். பகலில் பயணம், சாயங்காலம் ஏதாவது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கச்சேரி, இரவு ஆளுக்கொரு வீட்டில் சாப்பாடும் படுக்கையும். திம்புள்ளையில் எனக்குக் கிடைத்த வீட்டில் இருந்த ஒரே கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் ஏழு பேரும் அடுப்படியில் படுத்துக்கொண்டார்கள். “புள்ள தூங்கிருச்சா?” “இன்னும் தூங்கலையா?” என்று விடியும்வரை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருந்ததில் அவர்கள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நான்தான் தூங்கவில்லை. அடுத்த தோட்டத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் எனக்காகச் சண்டை போட்டு, சமாதானமாகி, மூன்று வீட்டிலும் மூன்று தடவை இராச்சாப்பாடு போட்டார்கள். மறுநாள் கச்சேரியில் மேல் சுரத்துக்குப் போக எனக்கு மூச்சே வரவில்லை. ஆனாலும் அதெல்லாம் நல்ல காலம் மாமா.

இந்தத் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தோம். தோட்டத்து ஆள் இல்லாதவர்கள் தோட்டத்தை நடத்தும் துரையின் கடிதம் இல்லாமல் லயத்து வரிசை வீடுகளில் இராத்தங்கக் கூடாதாம். எங்களுக்குக் கடிதம் இருந்தது, ஆனால் அது ஞாயிறு ஒரே ஓர் இரவுக்குத்தான். கச்சேரி முடிந்த இரவு மழை கொட்டி, மண் சரிந்து, ரோடு மூடிவிட்டது. எங்களைக் கூட்டிப்போக வந்த லாரி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். புதுக் கடிதம் வாங்க டீச்சர் ஆபீசுக்குப் போனார். கடிதம் தர வேண்டிய துரை நுவரெலியாவுக்குப் போயிருந்தார், அவரும் அந்தப் பக்கம். ரோடு திறந்தால்தான் துரை வருவார், துரை வந்தால்தான் நாங்கள் தங்கலாம், ரோடு திறந்துவிட்டால் நாங்கள் ஏன் தங்க வேண்டும்? இதை டீச்சரிடம் கேட்டேன். “வாயை மூடு, தொண்டை கெட்டுவிடும்” என்றார். மற்ற எட்டுப் பேரும் டீச்சரும் தோட்டத்தின் மேல் பகுதியான மேல்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே யாரும் எட்டிப் பார்க்கவில்லையாம். ஜோடி சேராத ஒன்பதாவது ஆள் என்று என்னை மட்டும் கீழ்க்கணக்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் கிடைத்தது சோலைமலை என்பவரின் வீடு, அவர் மனைவி பெயர் அம்மாக்கண்ணு. இரண்டு பேரும் தங்கமான மனிதர்கள், கஷ்டமே அதில்தான் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் நான் ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டிருந்தபோது கணக்கப்பிள்ளை டார்ச் லைட்டோடு வாசலில் வந்து நின்றார். இந்தக் கணக்கில் யார் வேலைக்கு வந்தது, யார் வரவில்லை என்று பேர் எழுதுகிறவர் அவர்தான். அந்தப் புத்தகத்தில் பேர் ஏறினால்தான் இங்கே வேலையும் இருக்க இடமும்.

“யாரு இந்தப் புள்ள?” என்றார்.

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், வாயில் ரொட்டி இருந்தது. அதற்குள் அம்மாக்கண்ணு அக்கா, “எங்க அண்ணன் மக நாகலெட்சுமிங்க” என்று சொல்லிவிட்டார்.

“மூணு மாசமா பேரு எழுதுங்க, பேரு எழுதுங்கன்னு என் உசுர வாங்கினீங்களே, அந்தப் புள்ளயா?”

“அதே புள்ளதாங்க ஐயா.”

“வயசு?”

“பதினாறு” என்றார் அக்கா. “பதிமூணு” என்றேன் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். கணக்கப்பிள்ளை அக்கா முகத்தில் ஒரு தடவை, என் முகத்தில் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தார்.

“சரி, நடுவுல போட்டுக்கிறேன். ரோடு மூடி வெளியாளு வரல, கொழுந்து முத்திக்கிட்டுக் கெடக்கு. காலையில பெரட்டுக்கு வரச் சொல்லு” என்று அங்கேயே நின்று புத்தகத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டார். விடியற்காலை வரிசையில் நின்று பேர் கொடுப்பதுதான் பெரட்டு. பேர் கொடுத்தால் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்க வேண்டும். மாமா, நான் மேல் சுரத்தில் சோப்ரானோ பாட வந்தவள்.

அவர் போனதும் அக்கா கதவைச் சாத்தினார். பிறகு சோலைமலை அண்ணன் மெதுவாக, “ஏண்டி, ஒலகத்துல வேற பேரே இல்லையா?” என்றார்.

“மூணு மாசமா அந்தப் பேரத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன், வாயில அதுதான் வந்துச்சு. ஒங்க தங்கச்சி பேரச் சொல்லியிருந்தா மட்டும் சும்மா போயிருப்பாரா?”

“என் தங்கச்சிக்கு நாப்பது வயசுடி.”

அப்போதிருந்து அம்மாக்கண்ணு அக்கா எனக்கு அத்தை ஆகிவிட்டார், சோலைமலை அண்ணன் மாமா ஆகிவிட்டார். இந்தக் கடிதத்தில் வெறும் மாமா என்றால் நீங்கள், சோலைமலை மாமா என்றால் அவர். நீங்களாவது குழம்பாதீர்கள், எனக்கு ஏற்கெனவே தலை சுற்றுகிறது. கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்தார்கள், நெற்றியில் திருநீறு பூசினார்கள். பக்கத்துக் காம்பிரா வீட்டு ராக்காயி அக்கா வந்து, “நாளைக்கு மானத்த வாங்கிடாத புள்ள” என்று என் விரல்களைப் பிடித்து ஒரு கறிவேப்பிலைக் கொத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளப் பழக்கினார். கறிவேப்பிலைக்கு மொட்டு எங்கே இருக்கிறது மாமா? எல்லாவற்றையும் உருவிவிட்டேன். இன்றைக்குக் குழம்பு நல்ல வாசம்.

இன்று காலை படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி என்னை மலைக்குக் கொண்டுபோனார்கள். “நாகலெட்சுமி!” என்று கூப்பிட்டார்கள். பாவம், அந்தப் பெண் ஏன் பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். ராக்காயி அக்கா முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் “இருக்கேங்க” என்றேன். மலை ஏறுவதற்குள் நான்கு தடவை வழுக்கிவிட்டது, கையில் வந்தது கொழுந்தா முத்தலா எனக்குத் தெரியவில்லை, நான் எடுத்தது எல்லாம் பச்சையாக இருந்தது. கணக்கப்பிள்ளை என் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்து, “தாயி, நீ கொழுந்து எடுக்குறியா, செடிக்கு முடி வெட்டுறியா?” என்றார். “புதுப் புள்ளதானேங்க, அவுங்க தோட்டத்துல செடி வேற மாதிரி” என்று ராக்காயி அக்கா சொன்னார். “தேயில எங்கயும் தேயிலதான்டி” என்று அவர் போய்விட்டார். அப்போது பார்த்து என் காலில் ஓர் அட்டை ஏறியது. நான் “யேசுவே!” என்று கத்தினேன், மலையே திரும்பிப் பார்த்தது. “எங்க அண்ணன் வீடு வேதக் கோயிலுக்குப் பக்கத்துல, அதான் அந்தப் பழக்கம்” என்றார் அத்தை. “எந்தக் கோயிலு?” என்று ஒரு கிழவி கேட்டார். “பெரிய கோயிலு” என்றார் அத்தை. இதெல்லாம் யாருடைய பொய் என்று பாவசங்கீர்த்தனத்தில் நான் எப்படிச் சொல்வேன்? நான் சொன்னது “இருக்கேங்க” ஒன்றுதான், இருந்ததும் உண்மைதான்.

இத்தோடு போயிருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். இன்று இரவு சாப்பிடும்போது அத்தை போன வாரம் வந்த ஒரு கடிதத்தை எடுத்துவந்து, “அண்ணன் என்னைக்கு அனுப்புறேன்னு எழுதியிருக்கு, பாத்துச் சொல்லு தாயி” என்றார். நான் படித்தேன். “பேர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அடுத்த வாரம் நாகலெட்சுமியைக் கொட்டகலையில் ரயில் ஏற்றி அனுப்புகிறேன். மாதக் கடைசியில் எங்களை இந்த லயத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்” என்று இருந்தது. கடிதம் என் கையிலிருந்து பருப்புக்குள் விழுந்துவிட்டது. நிஜ நாகலெட்சுமி வந்து நின்றால் நான் யார்? கணக்கப்பிள்ளை ஆபீசில் சொல்லிவிட்டால் சோலைமலை மாமாவுக்குப் பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்களாம். என்னைக் கடிதமில்லாமல் தங்கவைத்த குற்றத்துக்கு இவர்கள் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டுமா? ரோடு திறக்க வேண்டும் என்று ஒரு தடவை ஜெபித்தேன், லாரி வரும். திறக்கக் கூடாது என்று ஒரு தடவை ஜெபித்தேன், நாகலெட்சுமி வரமாட்டாள். மாதா இதில் எதை எடுத்துக்கொள்வாள் என்று தெரியாததால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஆகையால் மாமா, அவளை எப்படியாவது பிடித்து நிறுத்துங்கள். எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கையில் மூட்டை இருக்கும், பயந்த மாதிரி இருப்பாள், வயது பதினாறு, தோட்டத்துப் புத்தகத்தில் பதினாலரை. அப்புறம் நீங்களே வந்து என்னைக் கூட்டிப்போங்கள். டீச்சரிடம் கோபப்படாதீர்கள், இங்கே யாரிடமும் கோபப்பட முடியவில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டாம். மாமியிடம் சொல்லலாம், ஆனால் மாமி அம்மாவிடம் சொல்வார், அம்மா அப்பாவிடம் சொல்லாமல் அழுவார், அழுதால் அப்பா கேட்பார், ஆகையால் மாமியிடமும் வேண்டாம்.

உங்கள் எல்லோரையும் தேவமாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். சின்னவர்களுக்கு என் முத்தங்கள், மாமிக்கு என் வணக்கம், அதை மனதுக்குள் மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாளைக் காலைப் பெரட்டு வரைக்கும்,
மரியநாயகி.

பின்குறிப்பு: புதன்கிழமை, விடியற்காலை. மாமா, இதை முதலில் படியுங்கள். மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதத் தாள் இல்லை.

கணக்கப்பிள்ளை இப்போதுதான் வந்துவிட்டுப் போனார். “பாட்டுக்காரப் புள்ள எந்திரிச்சாச்சா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அத்தை கையிலிருந்த தேத்தண்ணி கீழே போய்விட்டது. “ஞாயித்துக்கெழம முன்வரிசையில ஒக்காந்து கேட்டவனுக்கு ஆளு தெரியாதா? ரோடு மூடிக் கெடக்குற வரைக்கும்தான் ஆபீசுல கேக்காம நான் பேரு எழுத முடியும், அதான் எழுதினேன். ஒங்க அண்ணன் மக பேரு நிக்கணும்னா தெனமும் அந்தப் பேருக்கு ஒரு ஆளு நிக்கணும். வெள்ளிக்கெழம தொரையே வந்து பேரு கூப்புடுவாரு, அன்னைக்கு நெச ஆளு நிக்கணும். நடுவுல ஒரு நாளு விட்டாலும் வெட்டிருவாங்க” என்றார். நேற்று என் கூடையைப் பார்த்ததிலிருந்து, ஒரு நாளாவது விட்டுவிட்டால் நல்லது என்றுதான் அவருக்கே தோன்றுகிறதாம்.

மண்சரிவுக்கு மேலே நடக்க வழி போட்டுவிட்டார்கள். மற்ற எட்டுப் பேரும் அழகுமுத்து வாத்தியாரோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு நடந்து போகிறார்கள். இந்தக் கடிதத்தை வாத்தியாரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். டீச்சர் என்னைக் கூட்டிப்போக வாசலில் வந்து நின்றார். “கெளம்பு தாயி” என்று அத்தை என் துணிகளை மடித்துக் கொடுத்தார். கூடையை எடுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை வரை இருக்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார், அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து அத்தையிடம், “அப்போ நான் யார் பேரில் தங்குவது?” என்று கேட்டார்.

மாமா, இது கையில் கிடைத்த அன்றைக்கே நாகலெட்சுமியை ரயில் ஏற்றிவிடுங்கள். அவள் இன்னும் வரவில்லை என்றால் அவளுடைய தோட்டத்துக்கே விசாரித்துப் போய்க் கூட்டிவாருங்கள். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நீங்கள் ஏற்கெனவே அவளைப் பிடித்து வைத்திருந்தால், மன்னிப்புக் கேட்டு, வயிறு நிறையச் சோறு போட்டு, ஜன்னல் பக்கம் இடம் பார்த்து உட்கார வையுங்கள். இங்கே அவள் பேர் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கிறார்கள், நான் போக வேண்டும்.