சுப்பன் மைந்தன் பெயர் பெற்ற படலம்

வாழ்க சுப்பன்! மலாய் நாட்டுப் பெம்பான் ரப்பர்த் தோட்டத்துப் பால்மரக் காட்டில் பிறந்து, சிம்பாங் அம்பாட் கிடங்கிலே போர்க்லிஃப்ட் என்னும் இருகொம்பு வேழத்தை ஏறி நடத்தும் பாகன், அட்டைப்பெட்டிக் குன்றுகளை அலுங்காமல் எடுத்துக் குலுங்காமல் இறக்கும் தோளாளன், செங்கோடன் பெற்ற செல்வன், முனியாயி என்னும் மூத்தாளுக்குப் பின் பிறந்தோன், தாரணி மணாளன், நாற்பது வயதில் தந்தையான தவத்தோன்! இவன் தன் மகனுக்கு ஒரு பெயர் சூட்டப் புறப்பட்டு, வீட்டிலேயே மூண்ட மும்முனைப் போரில் நின்று பொருத வரலாற்றைச் சொல்லப் புகுந்தோம். கலைமகளே, நாவில் வந்து அமர்க. ஆனைமுகனே, இடையூறு விலக்குக. கேட்போரே, கைப்பேசியைச் சற்றே கவிழ்த்து வைக்க.

மாவீரர் எவர்க்கும் ஆறாத புண் ஒன்று உண்டு. சுப்பனின் புண் வாளால் வந்ததன்று, வேலால் வந்ததன்று. பெற்றோர் அன்போடு வைத்த பெயரால் வந்தது. ஓர் ஆளை ஒரு பொருட்டாக மதியாதபோது தமிழர் வாயில் தானாக வருவது என்ன? குப்பன் சுப்பன்! கோயில் கூட்டத்திலே தலைவர் எழுந்து, "கண்ட குப்பன் சுப்பன்லாம் கேள்வி கேக்கக் கூடாது லா" என்று இடியென முழங்க, கூடியிருந்த அத்தனை தலைகளும் ஒருசேரத் திரும்பி நம் வீரனை நோக்கும். தமிழ்ப்பள்ளி நாள்களிலும் இதே கதைதான். ஆசிரியர் அந்தச் சொல்லைச் சொன்ன போதெல்லாம் வகுப்பு சிரித்தது. பங்கு போட்டுக்கொள்ள அந்த வகுப்பில் ஒரு குப்பன்கூட இல்லை. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான், ஆனால் வலித்தது.

ஆகவே, மணமாகிப் பதினோராம் ஆண்டில், மருத்துவமனைச் செவிலி மூன்று கிலோ முத்து ஒன்றைத் துணியில் சுற்றிக் கையில் தந்த கணத்திலேயே அவன் வஞ்சினம் கூறினான்: "என் மகன் பெயர் கேட்டால் உலகம் திரும்பிப் பார்க்கும். ஆனால் சிரிப்பதற்காக அன்று!" பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணி திடுக்கிட்டு எழுந்தாள். முத்து உறங்கியது.

பூச நட்சத்திரம். ஹு, ஹே, ஹோ, ட என்னும் நான்கு எழுத்துகளைக் கோயில் ஐயர் வாட்ஸ்அப்பிலே அருளினார். டகரத்தில் தொடங்கும் சீரிய பெயர் சுப்பனுக்குத் தெரிந்தவரை டத்தோ என்னும் அரசப் பட்டம் ஒன்றே. அதுவோ மேலிடத்தார் மனம் வைத்துத் தர வேண்டியது, தகப்பன் வைக்கக் கூடியதன்று. எஞ்சியது ஹகரம். அதைக் கைவாளாகக் கொண்டு, தேநீர் நேரத்தில் மூன்றும் சாப்பாட்டு நேரத்தில் ஏழுமாக, தேசதேசாந்தரப் பெயர்களின் மேல் நம் வீரன் படையெடுத்தான்.

முதலில் வீழ்ந்தது கிடங்கு மேற்பார்வையாளர் ஹசானின் பெயர். அரபு மொழியில் அழகன், நல்லவன் என்று பொருள். பொருள் பொன்னானதுதான், ஆனால் பள்ளியில் இஸ்லாமியச் சமய வகுப்பு மணி அடித்ததும் பிள்ளையை எந்த அறையில் உட்கார வைப்பார்கள் என்ற ஐயம் குறுக்கே வந்தது. அடுத்து முதலாளி ஹெங். ஹொக்கியன் மொழியில் செழிப்பு, யோகம். கோலா சுங்கை பாருவில் மீன் வாங்கப் போன இடத்தில் மீன்காரர் பெயராகக் கிடைத்தது ஹென்றி. பழைய ஜெர்மானியச் சொல்வழி வந்த அதன் பொருள் வீட்டை ஆள்பவன். கிரேக்கம் தந்தது ஹெக்டர், பற்றியதை விடாதவன். இவற்றையெல்லாம் அவன் தாரணியின் திருமுன் வரிசையாக வைத்தான். குழந்தையின் பிடியிலிருந்து தன் கூந்தலை விடுவித்துக்கொண்டிருந்த அவள் தீர்ப்புரைத்தாள்: "வீட்ட ஆளுறதுக்கு நான் இருக்கேன். புடிச்சத விடாத குணம் பேரு வைக்காமலே வந்துருச்சு, பாருங்க."

ஆயினும் ஹென்றியை விட அவனுக்கு மனம் வரவில்லை. மேலும் துருவினான். அங்கேதான் விதி பதுங்கியிருந்தது. ஹென்றியைச் செல்லமாக ஹாரி என்பார்களாம். ஆங்கிலேயர் கண்டவனையும் சேர்த்துச் சொல்ல நினைத்தால் "டாம், டிக், ஹாரி" என்பார்களாம். அதாவது ஹாரி என்பவன் சீமைச் சுப்பன்! இடிந்துபோன வீரன் முதலாளி ஹெங்கிடம் முறையிட, அவர் சீனத்திலும் "மூன்றாம் சாங், நாலாம் லீ" என்று இருவர் அதே வேலைக்கு உண்டு என்று சிரித்தார். எல்லா மொழியும் ஒரு சுப்பனைப் பெற்று வைத்திருக்கிறது என்று கண்டு அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் தன் மகன் அந்தக் குடும்பத்தில் சேரக் கூடாது. உலகைச் சுற்றிக் களைத்து, அவன் கடைசியில் தானே ஒரு பெயரை வார்த்தான்: ஹேமேந்திரன்! பொன்னுக்கு அரசன்!

பெயர் கிடைத்தது, போர் அப்போதுதான் தொடங்கியது. பிறந்த வீட்டுப் படையோடு எழுந்தாள் தாரணி. அவள் கொடியில் பொறித்த பெயர் ஹேஷ்வின். பொருள் என்ன என்று வீரன் வினவ, "கேக்க நல்லா இருக்குல்ல, அது போதாதா?" என்று மறுமொழி வந்தது. பெம்பானிலிருந்து எழுந்தாள் அக்காள் முனியாயி. அவள் நட்சத்திரத்தையும் எழுத்தையும் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. மகன் வயிற்றுப் பேரனுக்குத் தாத்தா பெயர், அதுவே முறை, ஆகவே செங்கோடன் என்றாள். அவள் கையில் மற்ற இருவரிடமும் இல்லாத ஓர் ஆயுதமும் இருந்தது. முப்பதாம் நாள் தொட்டிலில் கிடத்திப் பிள்ளையின் காதில் மும்முறை பெயர் சொல்லும் உரிமை அக்குடியில் அத்தைக்கே உரியது. மூன்றாம் முறை சொன்ன பெயர் நின்ற பெயர். அதை மாற்ற ஐயராலும் ஆகாது.

புலர்ந்தது முப்பதாம் நாள். சுப்பனின் தாமான் குடியிருப்பு வீட்டு நடுக்கூடத்தில், உத்தரத்தில் மாட்டிய ஸ்பிரிங்கிலே பூப்போட்ட சாரோங் துணித் தொட்டில் தொங்கியது. சுவரிலே எட்டடி பேனர் சுருண்டு கிடந்தது. கயிற்றை இழுத்தால் ஹேமேந்திரன் விரிவான். அதன் கீழே மேசைமேல் தாரணியின் தங்கை செய்வித்த கேக்; அதன் வெண்கிரீம் மேனியில் நீல எழுத்தில் ஹேஷ்வின் சிரித்தான். வாசலில் மைவிக் கார் என்னும் தேர் வந்து நிற்க, இறங்கினாள் முனியாயி. பால்மரக் காட்டில் மூன்று மர நிரைக்கு அப்பால் இருப்பவரையும் கைதட்டாமல் கூப்பிட்ட தொண்டை அவளுடையது. வேறு ஆயுதம் எதற்கு?

அரைஞாண் கட்டி, வளையல் பூட்டி, அவள் தொட்டிலின்மேல் குனிந்தாள். "செங்கோடா!" முதல் முழக்கத்தில் தேநீர்க் கோப்பைகள் கலகலத்தன. சுப்பன் பாய்ந்து பேனர்க் கயிற்றை இழுத்தான். அந்தோ! இழுத்த வேகத்தில் ஒட்டுநாடா கைவிட, எட்டடிப் பொன்னரசன் விரியாமலே சரிந்து நேரே கேக்கின்மேல் வீழ்ந்தான். ஹேஷ்வினின் நீலமெல்லாம் ஹேமேந்திரன் மார்பில் அப்பிக்கொண்டது. கண் சிவந்த தாரணி தொட்டிலைத் தன்பக்கம் இழுத்து விட்டாள். ஸ்பிரிங் சினந்து எழுந்தது. தொட்டில் விண்ணுக்கும் மண்ணுக்குமாக ஏறி இறங்க, ஏறும்போது அத்தை இரண்டாம் முறை "செங்கோடா!" என்று அழைக்க, இறங்கும்போது தந்தை "ஹேமேந்திரா!" என்று அழைக்க, நடுவே நின்றவர்கள் யாருக்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் இருவருக்கும் ஆட்ட, போருக்கெல்லாம் பொருளான பிள்ளையோ நன்றாக உறங்கிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரே அழைப்பு. சுப்பன் இரு கையாலும் தொட்டிலை நிறுத்தி, மகனின் காதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

முனியாயி நிமிர்ந்தாள். அவள் முழங்கவில்லை.

"அப்பா போயி ஆறு வருஷமாச்சு சுப்பா. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு ஆளு இல்லடா. ஒரு தடவ சொல்லிட்டுப் போயிடுறேன்."

நம் வீரன் எண்ணிப் பார்த்தான். ஆறு ஆண்டில் தானும் அந்தப் பெயரை விண்ணப்பப் பாரங்களில் எழுதியிருக்கிறான். வாய்விட்டுச் சொன்னதே இல்லை. கிடங்கில் இரண்டு டன் சுமையைத் தூக்கிக் காட்டுபவனுக்கு அந்தச் சிறு காதின்மேல் இருந்த தன் கை பெரும் பாரமாகத் தெரிந்தது. எடுத்தான். அக்காள் குனிந்து, மெல்ல, மூன்றாம் முறை சொன்னாள். அவள் கண்ணீர் பிள்ளையின் நெற்றியில் விழுந்ததைத் தாரணிதான் துடைத்தாள். பிறகு கேக்கையும் பேனரையும் ஒருமுறை பார்த்து, "சரி அண்ணி, அழாதீங்க. மூணு பேரையும் வச்சுடுவோம் லா. ரெண்டு ஏற்கெனவே ஒட்டிக்கிச்சு" என்று உடன்படிக்கை செய்தாள்.

அதற்கு ஐந்தாம் நாள், பதிவு இலாகாவின் முகப்பிலே, கண்ணாடி அணிந்த மலாய்ப் பெண்மணி பாரத்தைக் கையில் ஏந்தி, சரிபார்ப்பதற்காக உரக்க வாசித்தார்: "ஹேஷ்வின் ஹேமேந்திரன் செங்கோடன் அனாக் லெலாக்கி சுப்பன்!" இன்னார் மகன் என்று இந்நாட்டில் எழுதுவதே முறை, அதை மட்டும் அவன் எண்ணிப் பார்க்கவே இல்லை. பெயரிலிருந்து எதைத் துரத்தப் புறப்பட்டானோ அது வால்பிடித்து வந்து நின்றது. வரிசையில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. சுப்பன் பழக்கத்தால் தலை குனிந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. "பஞ்சாங்ஞா நாமா! நீளமான பேரு, நல்ல பேரு" என்று மலாயும் தெரிந்த தமிழுமாக வியந்து அந்த அம்மையார் முத்திரை குத்தினார். மூன்று பெயர்களையும் தேரென இழுத்து வந்து நிலையில் சேர்த்தவன் போலக் கடைசியில் நின்றது அவன் பெயர். நாற்பது ஆண்டில் முதல்முறையாக, அதைக் கேட்க அவனுக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலை, பகலவன் செம்பனைத் தோப்பின்மேல் எழுந்த பொழுதிலே, மைந்தன் விழித்து அழும் ஒலி கேட்டு, தேசங்கள் நான்கைச் சல்லடையிட்டுச் சலித்து, மனைவியோடும் உடன்பிறந்தாளோடும் பொருது, மூவகைப் பேரும் முழுதாக வென்ற அம்மாவீரன், அத்திருப்பெயரைத் தொட்டிலருகே தன் வாயால் முதன்முதலாக முழங்க வேண்டி, மார்பு விரிய மூச்சிழுத்து வந்து நின்றான்.

"என்னா தம்பி, பசியாறலாமா?" என்று கேட்டுக்கொண்டே பால் கலக்கினான்.