சரணடையாத சேனையின் தளபதி

அடுப்பங்கரைப் பக்கமே போவதில்லை என்று கணேசமூர்த்தி முடிவெடுத்துவிட்டார். கொத்மலைப் பக்கத்துத் தோட்டத்தில் அவருக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடிகளை வெட்டிவிட்டு ஒரு மணிக்கெல்லாம் லயத்து வீட்டுக்கு வந்துவிடுவார். மனைவி பிரியந்தி பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வர ஐந்தாகும்.

"திங்கக்கிழமையிலிருந்து அந்திச் சோறு நீங்கதான் ஆக்கணும்" என்று அவள் சொன்னதிலிருந்து மனிதருக்கு மூச்சு முட்டியது. ஒருநாள் ஆக்கினால் ஆயுசுக்கும் ஆக்க வேண்டுமே!

மன உறுதி வேண்டி, ஹட்டனில் ஒரு பழைய புத்தகம் வாங்கி வந்தார். 'சரணடையாத சேனை'. அட்டையில் பீரங்கி; பக்கத்தில் முறுக்கு மீசைத் தளபதி.

"இதப் படிச்சு முடிச்சிட்டுத்தான் பதில் சொல்லுவேன்."

"நல்லாப் படிங்க."

மூன்றாம் பக்கத்தில் தூங்கிப்போனார். மறுநாளும் அதே மூன்றாம் பக்கம்தான். ஆனால் அந்தியானால் கதைக்குக் குறைவில்லை.

"இன்னிக்கு என்னங்க சண்டை?"

"தளபதி ஒத்தையா நின்னு முப்பது பேர வெட்டிச் சாச்சுப்புட்டாரு!"

"அடேங்கப்பா!"

பௌர்ணமிப் போயா லீவுக்கு அவர் வாலிபோல் ஆட்டம் பார்க்கப் போனார். பிரியந்தி வீட்டில் இருந்தாள்; புத்தகமும் இருந்தது.

ஞாயிறு அந்தி, லயத்தில் அடுத்த காம்பரா வீட்டு அம்மாக்கண்ணு வந்து உட்கார்ந்திருந்தாள். பிரியந்தி தேத்தண்ணி கொடுத்தபடி, "அந்தத் தளபதி மாதிரி ஆம்பள உண்டா அக்கா! இவருக்கெல்லாம் அந்தத் துணிச்சல் வருமா?" என்றாள்.

கணேசமூர்த்திக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் வராது? அவரு என்ன செஞ்சாரோ அதையேதான் நானும் செய்வேன். அக்கா, நீங்கதான் சாட்சி!"

பிரியந்தி நிதானமாகப் புத்தகத்தை விரித்துப் படித்தாள். "மூன்று குளிர்காலமும் வீரர்களுக்கு அந்திச் சாப்பாட்டைத் தளபதியே சமைத்தார்."

அவர் புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினார். விறகு. பருப்பு. அண்டா. கருவாட்டுக்கு ஒரு தனி அத்தியாயம். முந்நூறு பக்கமும் அந்தப் பட்டாளத்தின் சமையற்கட்டு வரலாறு! ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை.

"அப்ப அந்த முப்பது பேரு யாருங்க?" என்றாள் பிரியந்தி.

அவர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். அம்மாக்கண்ணு சிரித்துப் புரையேறி எழுந்து போனாள்.

மறுநாள் மூன்று மணிக்கு அம்மாக்கண்ணு வீட்டு வாசலில் ஒரு குரல் தாழ்ந்து கேட்டது.

"அக்கா, ரெண்டு பேருக்கு எத்தன சுண்டு அரிசி போடணும்?"